இங்கே வந்த காரணம்

ஆர்குட்டில் கணக்குத் தொடங்கும்போது ஒரு படிவம் வரும். பெயர், ஊர், பிறந்தநாள், பிடித்த படம், பிடித்த சாப்பாடு என்று நீண்டுகொண்டே போகும். அதில் ஒரு வரி, இங்கே எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்கும். பதிலை நாமாக எழுத முடியாது. அவர்களே நான்கு காரணங்கள் கொடுத்திருப்பார்கள்: நண்பர்கள், சேர்ந்து பொழுதுபோக்க ஆட்கள், தொழில் தொடர்பு, டேட்டிங். 2006இல் புனேயில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் ‘நண்பர்கள்’ என்ற கட்டத்தை டிக் செய்தேன். நான்காவதையும் டிக் செய்ய ஆசைதான். பக்கத்து நாற்காலியில் அறைத்தோழன் இருந்தான்.

நண்பர்கள் என்று சொன்னது பொய். நண்பர்கள் அப்போது எனக்குப் போதுமான அளவு இருந்தார்கள், கடன் கேட்கும் அளவுக்கே இருந்தார்கள். உண்மையான காரணம் அந்த நான்கில் இல்லை. அது என்னவென்று எனக்கே விளங்க, அப்பா இறந்து அவருடைய பழைய நோட்டு ஒன்று கைக்கு வரவேண்டியிருந்தது.

என் பெயர் மயில்வாகனன். புனே அலுவலகத்தில் முதல் வாரம் ‘மயில்’ ஆனேன். இரண்டாம் வாரம் ‘மெயில்’. மூன்றாம் வாரத்திலிருந்து ‘ஈமெயில்’. யாரும் கெட்ட எண்ணத்தில் அழைக்கவில்லை, நானும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். ஆனால் வருடக்கணக்கில் என் முழுப்பெயரை ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆர்குட்டில் சேர்ந்த பத்தாவது நாளோ என்னவோ, அருப்புக்கோட்டையில் என்னுடன் படித்தவன் ஒரு ஸ்க்ராப் போட்டிருந்தான். ஆங்கில எழுத்தில் தமிழ்: “டேய் மயில்வாகனா, எங்கடா இருக்க?” அதை நாலைந்து முறை படித்தேன். ஆர்குட்டில் ஒருவருக்கு வரும் ஸ்க்ராப்பை மற்றவர்களும் போய்ப் படிக்கலாம். என்னை ஈமெயில் என்று கூப்பிடுகிறவர்களும் இதைப் பார்க்கலாம் என்று நினைத்தபோது, சொன்னால் வெட்கக்கேடு, பெருமையாக இருந்தது.

பெயரை வைத்தது அப்பா. முருகன் மேல் உள்ள பக்தியில் வைத்தார் என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். அப்பா கோவிலுக்குப் போவது வருடத்துக்கு இரண்டு தடவை. அவர் வைத்தது இலங்கை வானொலி அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனன் பெயரை. 50களிலும் 60களிலும் தென்தமிழகத்தில் ரேடியோ இருந்த வீடுகளில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் குறைவு.

கொழும்புக் குரல் நம் ஊர்த் தெருக்களுக்கு வந்து சேர்ந்த கதையில் டெல்லிக்கும் பங்கு உண்டு. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய சங்கீதம்தான் ஜனங்களை உயர்த்தும் என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை அவர் சுருக்கப்போக, தயாரிப்பாளர்களோடு தகராறு வந்து, கடைசியில் பாட்டே இல்லாமல் போயிற்று. கொழும்பிலோ, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காக நிறுவிய நிலையத்தின் சக்திவாய்ந்த ஒலிபரப்பிகள் போர் முடிந்து இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தன. 1950இல் வர்த்தக சேவையும் தொடங்கியாயிற்று. டெல்லி கதவைச் சாத்தியதும் இந்தியாவின் காது முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அகில இந்திய வானொலி சுதாரித்துக்கொண்டு விவித பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபரில். அதற்குள் ஒரு தலைமுறைக்குப் பழக்கம் ஊறிவிட்டது. எங்களூர் மாதிரித் தெற்கத்தி ஊர்களில் கொழும்பு நிலையம் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டதும் ஒரு காரணம். அப்பாவின் பாட்டி, கொழும்பு மதுரைக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்று கடைசிவரை நம்பினாராம்.

பாட்டுக்காகத்தான் கேட்டார்கள், சந்தேகமில்லை. ஆனால் ‘நேயர் விருப்பம்’ என்ற ஏற்பாட்டில் பாட்டோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. அஞ்சலட்டையில் பாட்டின் முதல் வரி, படம், பாடியவர், கீழே விரும்பிக் கேட்பவர்களின் பெயரும் ஊரும். அறிவிப்பாளர் பாட்டுக்கு முன் அந்தப் பெயர்களை வரிசையாகப் படிப்பார். ஒரு பாட்டை நிறையப் பேர் கேட்டிருந்தால் பெயர்ப் பட்டியல் ரயில் மாதிரி நீளும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், பண்டாரவளை, ராமநாதபுரம், அருப்புக்கோட்டை. பாட்டை அதற்கு முன் ஐம்பது முறை கேட்டிருப்பார்கள். திரும்பவும் அதையே கேட்டு எழுதுகிறவனுக்கு வேண்டியது பாட்டாக மட்டும் இருக்க முடியாது.

வட இந்தியாவில் இது உச்சத்துக்குப் போன ஊர் ஜும்ரி திலையா. அப்போது பீகார், இப்போது ஜார்க்கண்ட் மாநிலம் கோடர்மா மாவட்டம். மைக்கா சுரங்கங்களால் செழித்த ஊர். ரேடியோ சிலோனின் இந்தி ஒலிபரப்புக்கும் பிறகு விவித பாரதிக்கும் அங்கிருந்து அஞ்சலட்டைகள் கொட்டின. எந்தப் பாட்டுக்கு முன்னாலும் ஜும்ரி திலையா, ஜும்ரி திலையா என்று கேட்டுக் கேட்டு, அப்படி ஓர் ஊரே கிடையாது, அறிவிப்பாளர்கள் கட்டிவிட்ட பெயர் என்று பலர் நம்பினார்கள். யார் பெயர் அதிகம் வருகிறது என்று ஊருக்குள் போட்டி முற்றி, எதிராளியின் கார்டுகளைத் தபால்பெட்டியோடு நிறுத்திவிடத் தபால்காரரைச் சரிக்கட்டியதாகவும் சொல்வார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. மைக்கா தொழில் பின்னால் படுத்துவிட்டது. ஊர்ப் பெயர் இன்னும் நிற்கிறது.

இதெல்லாம் சும்மா நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமீன் சயானி 1952 டிசம்பர் 3 அன்று ரேடியோ சிலோனில் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ ஒரு பற்பசை விளம்பரத்துக்காகப் பிறந்த நிகழ்ச்சி. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்ததாகப் பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். ரேடியோவை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அளக்கப் பெரிய வழி எதுவும் இல்லாத காலம். மூட்டையில் வந்த கடிதங்கள்தான் விளம்பரதாரருக்குக் கணக்கு. நம் ஆசையை எண்ணி விற்கிறார்கள் என்று இன்று ஃபேஸ்புக்கைத் திட்டுகிறோம், நானும் திட்டியிருக்கிறேன். அந்த எண்ணிக்கை அஞ்சலட்டைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

எங்கள் தெரு நெசவாளர் தெரு. வீட்டுக்கு வீடு தறிக்குழி. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கும்போது நாடா ஓடத் தொடங்கும். ரேடியோ எல்லா வீட்டிலும் கிடையாது. அதை வைத்திருக்க அஞ்சலகத்தில் வருடா வருடம் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது. தாத்தா தறி நெய்தார். அப்பா பத்தாவது முடித்துவிட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கு எழுதப் போனார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் தெருவுக்கே மனு எழுதுவது, மணியார்டர் ஃபாரம் நிரப்புவது எல்லாம் அவர்தான். நேயர் விருப்பமும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது.

முதலில் தன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். அது ஒரு நாள் கொழும்பிலிருந்து ஒலித்ததும் தெரு அவரை விடவில்லை. “அண்ணே, அடுத்த கார்டுல எம்பேரையும் சேத்துப் போடுங்க.” கார்டின் பின்பக்கத்தில் எவ்வளவு பொடியாக எழுத முடியுமோ அவ்வளவு பொடியாகப் பதினைந்து இருபது பெயர் எழுதுவார். எல்லாவற்றையும் படிக்க மாட்டார்கள், முதல் நாலைந்தோடு நிறுத்தி “மற்றும் நண்பர்கள்” என்றுவிடுவார்கள். எனவே ஒவ்வொரு கார்டிலும் வரிசையை மாற்றி எழுதினார். இந்த வாரம் கடைசியில் இருந்தவர் அடுத்த கார்டில் முதலில் வருவார். சங்கத்தில் பாவு நூல் பங்கிடுவதுபோல.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா தார் சுற்றுவார். புருஷன் செத்து, கூலிக்குத் தார் சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். தெருவில் அவருக்குப் பெயரே “தார்க்காரி”. ஒரு நாள் அவர் பெயர் கார்டில் முதலில் வந்து, கொழும்பிலிருந்து ஒரு குரல் “திருமதி முத்தம்மாள்” என்று சொன்னது. அந்த அம்மாவை ஒருவர் திருமதி என்று சொல்லித் தெரு கேட்டது அதுதான் முதல் தடவை. ராட்டையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் அவரை முத்தம்மாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மா எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்வார்: “அவுக கேட்டதுல இல்லப்பா, தெருவே கேட்டுச்சுல்ல.” ரேடியோவில் சாதிப்பெயரும் வராது, பட்டப்பெயரும் வராது. அறிவிப்பாளருக்கு இரண்டுமே தெரியாது.

ரேடியோவை ஜனங்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் முறையாகக் கேட்டவர்களில் ஒருவர் ஹெர்ட்டா ஹெர்சாக். வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர். 1940களில், பகல்நேர ரேடியோ தொடர்கதைகளை விழுந்து விழுந்து கேட்ட பெண்களிடம் பேசி, அழுது ஆறவும், கனவு காணவும், குடும்பப் பிரச்சினைக்கு யோசனை பெறவும் கேட்கிறார்கள் என்று மூன்று காரணம் எழுதினார். 1959இல் எலிஹு காட்ஸ், ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்று கேட்டது போதும், மக்கள் ஊடகத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார். நல்ல கேள்விதான். சமூக ஊடகம் பற்றி இன்று வரும் ஆய்வுகள் பலவும் அந்தக் கேள்வியின் பிள்ளைகள். என்றாலும் இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தட்டும். ஹெர்சாக் பேசிய பெண்கள் கேட்பவர்கள் மட்டுமே. முத்தம்மாச்சி மாதிரி, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து திருப்பி அழைக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அப்பாவின் நோட்டு சங்கத்தில் பயன்படுத்தும் நீளவாக்குப் பேரேடு. 1968இல் ஆரம்பிக்கிறது, அவருக்குப் பதினெட்டு வயது. பத்தி பிரித்திருக்கிறார்: தேதி, நிகழ்ச்சி, பாட்டு, படித்தவர், வந்த பெயர்கள், கடைசியில் ‘கேட்டோம்’ அல்லது ‘கேட்கவில்லை’. பெயர் வந்ததாகத் தெரிந்தால் மட்டுமே பதிவு. எண்ணிப் பார்த்தேன், பதினைந்து வருடத்தில் 143. ‘கேட்கவில்லை’ என்பவைதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தன. தான் கேட்காத ஒன்று ஒலித்தது அவருக்கு எப்படித் தெரியும்? “மேலத்தெருவில் கேட்டார்கள்.” “டீக்கடையில் சொன்னார்கள்.” 1982 மார்ச்சில் என் மூன்றாவது பிறந்தநாள் வாழ்த்து. பக்கத்தில், “கரண்ட் இல்லை, கேட்கவில்லை.” அதன் கீழே வேறு மையில், “சாயல்குடி மச்சான் கார்டு போட்டிருக்கிறார். படித்தார்களாம்.” அந்தப் ‘படித்தார்களாம்’ என்பதற்கு இரண்டு கோடு அடித்திருந்தார்.

கடைசிப் பதிவு 1983 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஞாயிறு இரவு கொழும்பு பொரளையில் தமிழர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைக்க ஆரம்பித்தார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி வந்தார்கள் என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்தது. பெயரும் முகவரியும் அப்படியும் பயன்படும். அப்பா அதற்கப்புறம் கார்டு எழுதவில்லை. “அங்க ஆளுகளே எரியிறப்ப பாட்டு கேட்டு எழுதச் சொல்றியா” என்று அம்மாவிடம் சொன்னாராம். சில மாதம் கழித்துத் தெருவில் கேட்டவர்களுக்கும் அதே பதில். பிறகு டேப்ரிக்கார்டர் வந்தது, டிவி வந்தது, கைத்தறி போய் விசைத்தறி வந்தது. விசைத்தறிச் சத்தத்தில் ரேடியோ கேட்காது.

நான் ஆர்குட்டிலிருந்து ஃபேஸ்புக்குக்கு 2007இல் போனேன். ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் இழுத்து மூடப்பட்டது, நான் எடுத்து வைக்காத ஸ்க்ராப்புகள் எல்லாம் போயின. ஆரம்பகால ஃபேஸ்புக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டேட்டஸ் போடும் பெட்டியில் நம் பெயரும் அடுத்து ‘இஸ்’ என்ற சொல்லும் ஏற்கெனவே நிற்கும், மிச்சத்தைத்தான் நாம் எழுதவேண்டும். அதாவது ‘மயில்வாகனன் சோர்வாக இருக்கிறான்’, ‘மயில்வாகனன் டீ குடிக்கிறான்’ என்று நம்மைப் பற்றி நாமே வேற்றாள் மாதிரி அறிவிக்கவேண்டும். 2007 கடைசியில் அந்த ‘இஸ்’ஸை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் நிம்மதியடைந்தபோது எனக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். அறிவிப்பாளர் வேலை போன மாதிரி இருந்தது. 2009 பிப்ரவரியில் லைக் பொத்தான் வந்தது. அதன்பின் யாரும் யாருக்கும் பெயர் சொல்லி எழுதவேண்டிய அவசியமும் குறைந்துபோனது.

அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தது 2014 தீபாவளிக்கு. ஃபேஸ்புக் கணக்கை நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பழைய இலங்கை வானொலி நேயர்கள் கூடும் குழுக்களைத் தானே கண்டுபிடித்துவிட்டார். டொராண்டோவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள். இவர் பெயரை அவர்களும் அவர்கள் பெயரை இவரும் நாற்பது வருடத்துக்கு முன் ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள், முகம்தான் இப்போது பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற அறிவிப்பாளர் ஒருவரையும் தேடிப் பிடித்து, எந்தத் தேதியில் எந்தப் பாட்டுக்கு அவர் எங்கள் தெருவின் பெயர்களைப் படித்தார் என்று நோட்டைப் பார்த்து நீளமாக எழுதினார். மறுநாள் போனில் நான் கேட்டேன், பதில் வந்ததா என்று.

“லைக் போட்டுருக்காருப்பா.”

“பரவாயில்லையே.”

“ஆமா. பேரச் சொல்லல.”

அப்போது நான் சிரித்தேன்.

என் நட்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் கோரிக்கை அனுப்பினார், பலர் மரியாதைக்கு ஏற்றுக்கொண்டார்கள். புனே ஆட்களின் பிறந்தநாள், கல்யாணநாள், குழந்தைக்குப் பல் முளைத்த படம் எல்லாவற்றுக்கும் கீழே அப்பாவின் கமெண்ட் வரும். தமிழில்தான் எழுதுவார். “வாழ்த்துக்கள். இப்படிக்கு: ச. கதிரேசன், க. சண்முகத்தாய், திருமதி முத்தம்மாள், அய்யாச்சாமி மற்றும் குடும்பத்தார், அருப்புக்கோட்டை.” ஒவ்வொரு கமெண்ட்டிலும் வரிசை மாறும். முத்தம்மாச்சி இறந்தே பத்து வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் இதைப் பார்த்துவிட்டு, உங்கள் அப்பா தேர்தலில் நிற்கிறாரா என்று ஒருவர் கேட்டார். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினால் வந்த கோளாறான வாக்கியங்களைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். நானும் அந்த மேசையில்தான் இருந்தேன்.

அன்று ராத்திரி போன் செய்தேன்.

“அப்பா, கமெண்ட்டுக்குக் கீழ பேரெல்லாம் போட வேண்டாம்பா. மேலேயே உங்க பேர் வந்துருது.”

“அது எம்பேரு மட்டுந்தானப்பா வருது?”

“மத்தவங்க பேர் எதுக்குப்பா? இவங்களுக்கு யாருன்னே தெரியாது.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கொழும்பில் இருந்தவர்களுக்கும் யாரென்று தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சரிப்பா” என்றார். அதற்குப் பிறகு புனே ஆட்களின் படங்களுக்குக் கீழே அவருடைய கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது. நேயர் குழுக்களிலும் எழுதுவது குறைந்துபோனது என்பதை அவர் போன பிறகு பார்த்தேன். 2018 ஜூலையில் போனார்.

இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் வசதியை ஃபேஸ்புக் 2009இல் கொண்டுவந்தது. இறப்புக்கான ஆதாரத்துடன் ஒரு படிவம் அனுப்பவேண்டும். மாற்றிவிட்டால் அவருடைய பிறந்தநாளை அது யாருக்கும் நினைவூட்டாது. உறவினர்கள் சங்கடப்படக்கூடாது என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். சான்றிதழை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். தங்கை வருடா வருடம் கேட்கிறாள், “இன்னும் அனுப்பலையாண்ணே?” என்று.

அவருடைய பிறந்தநாள் நவம்பரில். காலை ஆறு மணிக்கே வாழ்த்துகள் விழ ஆரம்பிக்கும். அவர் இல்லை என்று தெரியாதவர்கள்தான் அதிகம். பாதி வெறும் கேக் படம். போன நவம்பரில் மட்டக்களப்பிலிருந்து ஒருவர் நாலு வரி எழுதியிருந்தார். கீழே தன் பெயர், மனைவி பெயர், மூன்று பிள்ளைகள் பெயர், ஊர். அதற்கு லைக் போட விரல் போனது, போடவில்லை. டைப் செய்தேன்: “நன்றி ஐயா. இப்படிக்கு: மயில்வாகனன், க. சண்முகத்தாய்,” அடுத்து யார் பெயர் என்று கொஞ்சம் யோசித்து, “திருமதி முத்தம்மாள், ச. கதிரேசன், அருப்புக்கோட்டை.”